ஹூஸ்டனில் ஒரு வாரம் இருப்பேன். நல்ல டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ் பாணி மெக்சிகன்) சாப்பாடு எங்கே கிடைக்கும்? நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், உடன் வருபவர் சுத்த சைவம்.

ஒரே ஒரு வேளைதான் ஒதுக்க முடியும் என்றால் நேவிகேஷன் புலவார்டில் இருக்கும் ஒரிஜினல் நின்ஃபாஸ் போங்கள். இரண்டாவது வேளைக்கு மொலினாஸ். ஒரு நாள் காலை மட்டும் வில்லா ஆர்க்கோஸ். மற்ற நாள் எங்கே சாப்பிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

அலுவலக வேலையாக வருகிறீர்கள், நகரின் மேற்கே கேலரியா பக்கமோ எனர்ஜி காரிடார் பக்கமோ அறை போட்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அங்கிருந்து நேவிகேஷன் என்பது நகர மையத்தையும் தாண்டி கிழக்கே. மாலை நாலிலிருந்து ஆறரை வரை ஐ-10 நெடுஞ்சாலை நகராது. அதனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், அல்லது இரவு எட்டுக்கு மேல். ஞாயிறு மதியம் தேவாலயம் முடிந்து வரும் கூட்டம் இருக்கும். ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாள் என்றால் அந்தப் பக்கம் வண்டி நிறுத்தவே பாடாகிவிடும்.

ஏன் அந்தக் கடை? கணவர் இறந்தபின் நொடித்துப்போயிருந்த டொர்டியா (சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டி) தொழிற்சாலையின் முன்பக்கத்தில், 1973இல் பத்து மேசை போட்டு நின்ஃபா லாரென்சோ ஆரம்பித்த இடம் அது. கரியில் சுட்ட இறைச்சியை மைதா டொர்டியாவில் சுருட்டி, தாக்கோஸ் அல் கார்போன் என்று கொடுத்தார். இன்று உலகம் முழுக்க ஃபஹீதா என்று தெரிகிற உணவை ஹூஸ்டனில் பிரபலமாக்கியது அந்த அடுப்புதான். நீங்கள் சிக்கன் ஃபஹீதா சொல்லுங்கள். தொட்டுக்கொள்ள அவகாடோ, டொமாட்டிலோ (பச்சைத் தக்காளி போன்ற காய்), புளித்த கிரீம் சேர்ந்த பச்சை சல்சா வரும். அதை மிச்சம் வைக்காதீர்கள்.

ஃபஹீதாவில் ஏமாறும் இடம் அந்த 'சுர்ர்' சத்தம். காய்ந்த இரும்புத் தட்டில் எண்ணெயோ தண்ணீரோ பட்டால் எந்த இறைச்சியும் அப்படித்தான் சத்தம் போடும், அது தரத்துக்கு அடையாளமில்லை. தட்டு மேசைக்கு வந்த பிறகும் அடியில் வெந்துகொண்டே இருக்கும். பேசிக்கொண்டே ஐந்து நிமிடம் விட்டால் கோழி மார்புக்கறி நார் நாராக வறண்டுவிடும். வந்த உடனே இறைச்சியை வெங்காயத்தின் மேலே ஏற்றி வையுங்கள், அல்லது வேறு தட்டுக்கு மாற்றுங்கள். இதைப் படிக்கும் மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு: கேட்க வேண்டியது அவுட்சைட் ஸ்கர்ட் என்ற வயிற்றுப் பக்கத்து இறைச்சித் துண்டு. இன்சைட் ஸ்கர்ட் விலை குறைவு, மெல்லுவது கஷ்டம். எதுவானாலும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டியிருக்க வேண்டும். நார் நீளவாக்கில் கிடந்தால் கயிறு மெல்லுவது போலத்தான்.

மைதா டொர்டியாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆங்காங்கே பழுப்புப் புள்ளி, மடித்தால் விரிசல் விடாத மென்மை, கிழித்தால் உள்ளே மெல்லிய அடுக்கு: இதெல்லாம் இருந்தால் அங்கேயே சுட்டது. ஒரே மாதிரி வெள்ளையாக, ஓரம் விறைப்பாக இருந்தால் பாக்கெட்.

மொலினாஸ் 1941இலிருந்து இருக்கிறது. அங்கே சாப்பிட வேண்டியது சீஸ் என்சிலாடா (டொர்டியாவில் சீஸைச் சுருட்டி மேலே குழம்பு ஊற்றியது), ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரு எச்சரிக்கையோடு. டெக்ஸ்-மெக்ஸின் உயிரே அதன் மேல் ஊற்றும் சில்லி கிரேவிதான். கொழுப்பில் மாவை வறுத்து, மிளகாய்த்தூள், சீரகம், பூண்டு, ஓரிகானோ போட்டு, சாறு ஊற்றிக் காய்ச்சும் பழுப்புக் குழம்பு. பெரும்பாலான கடைகளில் அதில் மாட்டிறைச்சியோ மாட்டு எலும்புச் சாறோ இருக்கும். மெனுவில் 'சீஸ்' என்று மட்டும் போட்டிருப்பதை நம்பி ஆர்டர் செய்கிற நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "கிரேவி வேண்டாம், சல்சா வெர்டே ஊற்றுங்கள், அதில் சிக்கன் சாறு இருக்கிறதா?" என்று ஒரே மூச்சில் கேளுங்கள் (சல்சா வெர்டே என்றால் பச்சை சல்சா). அங்கே ஹோசேஸ் டிப் என்ற பெயர்பெற்ற சீஸ் குழம்பு உண்டு. அதிலும் மாட்டுக் கொத்துக்கறி இருக்கிறது. சாதாரண சில்லி கோன் கேசோ (மிளகாய் சேர்த்து உருக்கிய சீஸ்) கேளுங்கள்.

சைவக்காரருக்கு இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும். "இது வெஜிடேரியனா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள், கறித்துண்டு இல்லை என்ற பொருளில். பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கு வேறு. பொருளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ரீஃபிரைடு பீன்ஸில் (வேகவைத்து மசித்து வறுத்த பீன்ஸ்) பன்றிக் கொழுப்பு இருக்கிறதா? (லார்ட் என்றால் புரியும், மாந்தேகா என்றால் சமையலறைக்கே புரியும்.) சாரோ பீன்ஸை (சாறோடு வரும் பீன்ஸ்) கேட்கவே வேண்டாம், பேக்கன் என்ற பன்றி இறைச்சி இருக்கும். செம்மஞ்சள் நிறச் சாதம் பெரும்பாலும் சிக்கன் சாறில் வெந்தது. மைதா டொர்டியாவிலும் லார்ட் இருக்கலாம். சோள டொர்டியா சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோள மாவு மட்டும்தான், அதுதான் பாதுகாப்பு. தமாலே (சோள மாவைத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது) மாவிலேயே லார்ட் பிசைந்திருப்பார்கள். காய்கறி ஃபஹீதா நல்ல தேர்வு, ஆனால் அதே கரி அடுப்பில்தான் இறைச்சியும் சுடுவார்கள். தனி வாணலியில் செய்து தரச் சொல்லலாம், கூட்டமில்லாத நேரத்தில் பெரும்பாலும் செய்வார்கள். இரண்டு மணிக்கு மேல் போகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

காரம் போதாது என்றுதான் நினைப்பீர்கள். அங்கத்திய சில்லி பவுடர் காய்ந்த ஆஞ்சோ மிளகாயும் சீரகமும் பூண்டும் கலந்த தூள், நிறமும் மணமும்தான் அதிகம். "சீலே தோரியாதோ" என்று கேட்டால் முழு ஹலப்பேனோ மிளகாயைச் சுட்டுத் தருவார்கள், விலை அதிகமிருக்காது.

வில்லா ஆர்க்கோஸும் நேவிகேஷனில்தான். அங்கே சாப்பிட வேண்டியது உருளைக்கிழங்கு-முட்டை காலை தாக்கோ (டொர்டியாவை மடித்து உள்ளே வைத்துத் தருவது). சைவக்காரர் முட்டை சாப்பிடாவிட்டால் உருளைக்கிழங்கும் சீஸும் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், சோள டொர்டியாவில். பிற்பகலிலேயே மூடிவிடும் வகைக் கடை, எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

"இதெல்லாம் நிஜ மெக்சிகன் இல்லை, ஹியூகோஸ் போ" என்று கருத்துப் பெட்டியில் ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஹியூகோஸ் அருமையான கடை, ஹியூகோ ஒர்த்தேகா 2017இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் அது மெக்சிகோவின் உள்மாநிலச் சமையல், கேள்வி அதைப் பற்றியது இல்லை. 1836 வரை டெக்சாஸே மெக்சிகோவாக இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்த பிறகும் அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள், கையில் கிடைத்த மஞ்சள் சீஸையும் மைதாவையும் மாட்டிறைச்சியையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த சாப்பாடு இது. அதைக் கலப்படம் என்று சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். சான் அன்டோனியோதான் இதற்குத் தலைநகரம் என்பவர்களோடு சண்டையில்லை. வார இறுதி கிடைத்தால் மூன்று மணிநேரம் ஓட்டிப் போய் அங்கே பஃப்பி தாக்கோ சாப்பிடுங்கள். பச்சை சோள மாவைத் தட்டி எண்ணெயில் உப்பவைப்பது, ஹூஸ்டனில் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

கடைசியாகப் பணம். மெனு விலையோடு 8.25 சதவீதம் வரி, அதற்கு மேல் டிப்ஸ் 18 முதல் 20. சிப்ஸும் சல்சாவும் பல இடங்களில் இலவசம், சில இடங்களில் இப்போது காசு வாங்குகிறார்கள், தட்டு வைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையிலேயே எரிச்சலூட்டுவது வேறொன்று: ஆறு பேருக்கு மேல் போனால் சர்வீஸ் தொகையைத் தாங்களே பில்லில் சேர்த்துவிட்டு, கீழே டிப்ஸ் கோட்டையும் காலியாக விட்டு நீட்டுகிற வழக்கம். ஊருக்குப் புதிதாக வருபவர்கள் இரண்டு முறை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அலுவலகக் கூட்டத்தோடு போனால் 'கிராட்டுவிட்டி' என்று ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.