குழந்தைக்கு ஆஸ்துமா: மூச்சுக்குழாய் வீக்கத்தைச் சிறுநீரை வைத்தே தெரிந்துகொள்ள முடியுமா?

நாலு வயதுப் பையன், ஊசியைப் பார்த்தாலே அலறுகிறான், ரத்தம் எடுக்காமல் சிறுநீரிலேயே பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கும் அந்த வயதில்தான் வீசிங் ஆரம்பித்தது. நான் டாக்டர் இல்லை. 'நெட்டில் படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறாள்' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மருந்து எதையும் நான் சொல்லப்போவதில்லை.

முதலில் அவளை ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழாய் வீங்கியிருந்தால் பெரும்பாலும் கூடும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு மூச்சுக்காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கருவி. ஒரே சீராக 6 விநாடி ஊத வேண்டும். கன்னம் உப்ப ஆரம்பிப்பாள், மூன்றாவது விநாடியில் இருமல் வந்துவிடும். ஏழு தடவை பார்த்தார்கள். எட்டாவது தடவை குழாயைத் தள்ளிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் வந்து, சிறுநீர் மட்டும் போதும் என்றார். மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன்கள் உடம்பில் மாறி மாறிக் கடைசியில் லூக்கோட்ரையீன் இ4 என்று சிறுநீரில் இறங்குமாம். ஒவ்வாமையில் பெருகும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் விடும் ஒரு புரதமும் அதில் வருமாம். குழந்தை தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் அளவு நீர்த்துப்போகும் என்பதால் ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவார்கள். எனக்குக் கோயில் கதவு திறந்த மாதிரி இருந்தது. விடிகாலையில் அவளை எழுப்பி, டப்பாவில் பிடித்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முடிவு வரவே இல்லை. மூன்று மாதம் கழித்துக் கேட்டால், ஆராய்ச்சிக்காக எடுத்தது, தனித்தனியாகச் சொல்ல முடியாது என்றார்கள். படிவத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனாலும் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் டாக்டர்தான் அப்புறம் உட்காரவைத்து விளக்கினார். அந்த எண் நுரையீரலை மட்டும் காட்டாது, உடம்பு முழுக்க உண்டாவதெல்லாம் சிறுநீரில்தான் சேரும். சளி பிடித்தாலும் ஏறும், வீட்டில் யாராவது புகைபிடித்தாலும் ஏறும். ஆஸ்துமா உள்ள குழந்தையின் அளவும் இல்லாத குழந்தையின் அளவும் பல சமயம் ஒன்றுக்குள் ஒன்று விழும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை லூக்கோட்ரையீன் உண்டாவதைத் தடுப்பதில்லை, அது வேலை செய்யும் இடத்தைத்தான் அடைக்கிறது. அதனால் குழந்தை தேறினாலும் எண் குறைய வேண்டும் என்றில்லை. ஆராய்ச்சிக்கு உதவும், ஆனால் இன்றைக்கு மருந்தைக் கூட்டவா குறைக்கவா என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். யாராவது லேபில் பேக்கேஜ் என்று சொன்னால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

உண்மையில் எங்களுக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. இரவில் இருமினாளா, ஓடும்போது நின்றாளா, நிவாரண இன்ஹேலர் எத்தனை தடவை. அப்புறம் ஸ்பேசர், அதாவது மருந்தை மூச்சோடு இழுக்க இன்ஹேலரில் மாட்டும் குழாய். இரண்டு பஃப்பையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தேன், மாஸ்க் கன்னத்தில் ஒரு விரல் நுழையும் அளவு தூக்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் பார்த்துத் திருத்தினார்: ஒவ்வொரு பஃப்பாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மூச்சு. திண்ணையில் பீடி பிடிக்கும் மாமனாரிடம் டாக்டரே பேசினார். அன்றோடு விட்டுவிட்டார், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்ஹேலர் பழகிவிடும் என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். மூச்சு இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த குழந்தை கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். 'நான் என்னம்மா தப்பு பண்ணேன்?' என்று அவள் கேட்டாள். தலைமையாசிரியருக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. மூன்றாவதும் எழுதுவேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஸ்பேசரைக் கையோடு எடுத்துப்போய், நீங்கள் கொடுக்கும் விதத்தை அவர் எதிரிலேயே ஒருமுறை செய்துகாட்டுங்கள்.