சின்ன வயதில் தீம் பார்க்கில் வாய் பிளந்து நின்ற பிரமிப்பு, பெரியவர் ஆன பிறகும் கிடைக்குமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், சிறுவயதில் பார்த்த ஒரு பார்க்குக்குப் பல வருஷம் கழித்துப் போய், "இவ்வளவுதானா?" என்று திரும்பி வந்திருக்கிறீர்கள். இல்லையென்றால், போனால் பழைய நினைப்பும் கெட்டுவிடுமோ என்று தயங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்: பாதி கிடைக்கும். எந்தப் பாதி என்பதுதான் விஷயம். "வயசாயிடுச்சு, மனசு மரத்துப்போச்சு" என்று எல்லாப் பழியையும் மனசின் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மனசுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கண், காது, உட்காரும் இருக்கை, போகும் நேரம் என்று கையில் பிடிபடும் காரணங்களே நிறைய இருக்கின்றன.

முதலில் வயிற்றுக்குள் ஜிவ்வென்று ஏறும் அந்த உணர்வு. அது வயதோடு போவதில்லை. ரோலர் கோஸ்டர் உச்சியைத் தாண்டி விழும்போது இருக்கை நம்மைத் தாங்குவது குறைகிறது. எடையையும் வேகமாற்றத்தையும் உணர உள்காதில் இருக்கும் உறுப்புக்கு எது கீழ், எது மேல் என்று ஒரு கணம் பிடிபடாது. இரைப்பையும் குடலும் லேசாக மேலே எழும்பும். 7 வயதுக்கும் 47 வயதுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

அப்படியும் குறைந்துவிட்டது என்று சொல்பவர்களிடம், எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்கு ஏறினீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோகும் ரயிலில் முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது மீதி ரயில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முன்வரிசைக்காரர்கள் தலைகுப்புறச் சாய்ந்தபடி மெதுவாக நகர்வார்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்பாதி பள்ளத்தில் பாய்ந்திருக்கும். அந்த வேகத்தில் கடைசிப் பெட்டியைப் பிடுங்கி இழுக்கும். முதல் சரிவில் இருக்கையிலிருந்து தூக்கிப் போடுவது அங்கேதான். காட்சி வேண்டுமென்றால் முன்வரிசை, விழும் உணர்வு வேண்டுமென்றால் கடைசி வரிசை.

நேரமும் அப்படித்தான். காலையில் சக்கர பேரிங்குகளின் கிரீஸ் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். சக்கரத்தின் மேல் போட்டிருக்கும் பாலியூரித்தேன் உறையும் சூடேறியிருக்காது. உருளும்போது தடை அதிகம். ஆள் குறைவாக இருந்தால் ரயிலின் எடையும் குறைவு. காற்றும் உராய்வும் சீக்கிரமே வேகத்தைத் தின்றுவிடும். காலை 10 மணிக்குப் பாதி காலியாகக் கிளம்பும் ரயிலையும் மாலை 4 மணிக்கு ஆள் நிறைந்து கிளம்பும் ரயிலையும் ஒப்பிடவே கூடாது. கூட்டத்துக்குப் பயந்து வேலைநாளில் காலையிலேயே போய்விட்டு, "அந்தக் காலத்தில் எவ்வளவு வேகமாகப் போகும்" என்று அங்கலாய்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் செய்யும் இன்னொரு காரியம், காலைத் தரையில் ஊன்றி, கம்பியை இறுக்கிப் பிடித்து, உடம்பை விறைப்பாக்கிக்கொள்வது. தொடை இறுகினால் உடல் இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். எழும்பும் உணர்வு பாதியாகிவிடும். காலைத் தளர்த்துங்கள். தலையை மட்டும் பின்னால் இருக்கும் மெத்தையில் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பங்களில் காது பக்கவாட்டில் போய் இடிக்கும். பாதுகாப்புக் கம்பியைத் தளர்த்தச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஊழியர் அழுத்திப் பூட்டிய இடத்திலேயே அது இருக்கட்டும்.

சுற்றும் ரைடுகள் கதை வேறு. அங்கே இழப்பு உண்மைதான். சிறுவயதில் ஊஞ்சல், தட்டாமாலை என்று தினமும் சுற்றிக்கொண்டிருந்த உள்காதுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அப்போது சிரிப்பு மூட்டிய அதே சுழற்சி இப்போது குமட்டலைத்தான் தரும். பெரும்பாலும் நிலைமையை மோசமாக்குவது, சுற்றும்போது தலையைக் குனிவதும் திருப்புவதும். ஒரு அச்சில் சுழன்றுகொண்டிருக்கும் தலையை இன்னொரு அச்சில் சாய்த்தால், உள்காதின் அரைவட்டக் குழாய்கள் நடக்காத ஒரு சுழற்சியை மூளைக்குச் சொல்லும். போனைக் குனிந்து பார்க்கிறவர் வாந்தி எடுப்பது இதனால்தான். தலையை நேராக வைத்து, வெளியே பார்க்காமல் உங்களோடு சேர்ந்தே சுற்றும் ஏதாவது ஒரு பொருளை, எதிரில் இருப்பவர் முகத்தையாவது, பார்த்துக்கொண்டிருங்கள். நின்றவுடன் குனிந்து செருப்பைத் தேடாதீர்கள்.

அடுத்தது, "எல்லாம் சின்னதாகிவிட்டது" என்ற புகார். வளர்ந்துவிட்டதால் உயரமானவை குட்டையாகத் தெரிகின்றன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் உயரமுள்ள ஒரு பூதப் பொம்மை, 5 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். கண்மட்டம் 1 மீட்டரில் இருக்கும் குழந்தை ஏறக்குறைய 39 டிகிரி அண்ணாந்து பார்க்கும். கண்மட்டம் 1.55 மீட்டரில் இருக்கும் பெரியவர் 35 டிகிரி. வித்தியாசம் வெறும் 4 டிகிரி. உயரமானது உயரமாகவேதான் இருக்கிறது.

மாறுவது இடுப்பளவு சமாச்சாரங்கள். 1.2 மீட்டர் உயரச் செடிவேலி குழந்தைக்கு ஒரு சுவர். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று திருப்பம் வரும்வரை தெரியாது. பெரியவருக்கு அந்த வேலிக்கு மேலே அடுத்த பகுதி தெரியும், ஊழியர் நுழையும் கதவு தெரியும், செயற்கைப் பாறைக்குப் பின்னால் செருகிய ஸ்பீக்கர் பெட்டியும் தெரியும். பார்க் வடிவமைப்பே ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுவதுதான். அந்த மறைப்பைத்தான் நாம் தாண்டி வளர்ந்துவிட்டோம். இதற்குச் சுலபமான மருந்து, உட்கார்ந்து பார்ப்பது. இருட்டுக்குள் போகும் படகுச் சவாரியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கண் படகின் அடித்தட்டிலிருந்து சுமார் 1.1 மீட்டரில் வந்துவிடும். அதாவது, நிற்கும் 6, 7 வயதுக் குழந்தையின் கண்மட்டம். உட்கார்ந்து போகிற ரைடுகள் பெரியவர்களையும் ஏமாற்றுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த இருட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் நின்றுவிட்டு உள்ளே போனால் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். சவாரியோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயதாக ஆகப் பழகும் வேகமும் குறையும், கண்மணியும் முன்போல விரியாது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குழந்தை "அங்க பாரு, அங்க பாரு" என்று காட்டும்போது நமக்கு ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். வரிசையில் நிற்கும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உள்ளே நுழையும்போது கழற்றுங்கள். போன் திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கண்ணாடி இல்லையென்றால், கடைசிச் சில நிமிடங்கள் ஒரு கண்ணைக் கையால் பொத்தி வைத்து உள்ளே போய்த் திறந்தால்கூட வித்தியாசம் தெரியும். இருட்டு செய்யும் வேலை சாதாரணமானதில்லை. புளோரிடா டிஸ்னி பார்க்கில் 1975-இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் என்ற, இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. பாதை தெரியாததால்தான் அந்த வேகத்துக்கே அத்தனை அலறல்.

இந்த இடத்தில் ஒருவர் வந்து, "இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டால் மாயம் எங்கே மிஞ்சும்?" என்று கேட்பார். தெரிந்தால் செத்துப்போகும் மாயம் உண்டு, தெரிந்தாலும் சாகாத மாயமும் உண்டு. பொம்மையின் கழுத்துக் கம்பியை ஒருமுறை பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அது மறுபடி பூதம் ஆகாது. ஆனால் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டு ரைடின் நடன மண்டபத்தைப் பாருங்கள். பார்வையாளருக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. பார்வையில் படாத இடத்தில் வெளிச்சம் போட்ட உருவங்கள். அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மண்டபத்தில் ஒளி ஊடுருவும் ஆவிகள் ஆடுவதுபோலத் தெரியும். லண்டனில் ஜான் பெப்பர் 1862-இல் மேடையில் காட்டிய அதே வித்தை. எப்படி என்று முழுக்கத் தெரிந்த பிறகும் கண் அதை ஆவியாகத்தான் பார்க்கும், ஏனென்றால் பிம்பம் உண்மையிலேயே அந்த ஆழத்தில்தான் விழுகிறது. அதே டிஸ்னிலேண்டின் கோட்டை வெறும் 77 அடி. கீழே பெரிய கற்கள், மேலே போகப்போகச் சின்னக் கற்கள். தெரிந்துகொண்டு பார்த்தாலும் 77 அடியாகத் தெரியாது, அதைவிட உயரமாகத்தான் தெரியும்.

சில விஷயங்களில் தெரிந்த பிறகுதான் பிரமிப்பே தொடங்கும். பல ரைடுகளின் முடிவில் ரயிலை நிதானத்துக்குக் கொண்டுவருவது நிலைக்காந்தங்கள். பெட்டிக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடு காந்த வரிசைகளுக்கு நடுவே புகும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதுவே வேகத்தை எதிர்க்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை, மின்சாரமும் தேவையில்லை. கரண்ட் போனாலும் பிடிக்கும். வேகம் குறையக் குறையப் பிடியும் குறையும் என்பதால் முழுதாக நிறுத்த மட்டும் வேறு பிரேக் வேண்டும். ரயில் வழவழவென்று வேகம் குறைந்து, கடைசியில் ஒரு சின்னக் குலுக்கலோடு நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். ஏறும்போது கேட்கும் 'டக் டக் டக்', சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாமல் இருக்கப் பல்வரிசையில் விழுந்து விழுந்து எழும் கொக்கி. 8 வயதில் நம்மைப் பயமுறுத்திய சத்தம் அதுதான்.

வரிசையில் நிற்பதுதான் பெரியவர்களுக்கு மூடைக் கெடுக்கும். 24 பேர் உட்காரும் ரயில் 75 வினாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 48 ரயில், 1152 பேர். அதே ரைடில் கூட்டம் குறைவு என்று ஒரே ரயிலை ஓட்டினால், அது போய்த் திரும்பி, ஆள் இறங்கி ஏறி முடிய 3 நிமிடம் என்று வையுங்கள்: மணிக்கு 480 பேர்தான். அதனால் சேருவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று, எத்தனை ரயில் ஓடுகிறது என்று எண்ணிவிட்டுச் சேருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ரைடில் ஏற வேண்டிய குறைந்தபட்ச உயரமான 122 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டவைக்கக் குழந்தையின் ஷூவுக்குள் அட்டையையும் துணியையும் திணித்து அனுப்பும் பெற்றோர்களே, அந்தக் கோடு உங்களை அவமானப்படுத்துவதற்காகப் போட்டதில்லை. உயரத்தைக் கேட்பது, தொடை நீளத்தையும் இடுப்பையும் அளக்க அதுதான் எளிய வழி என்பதால். முழங்கால் இருக்கையின் விளிம்பைத் தாண்டி மடங்கவில்லை என்றால் உடல் கம்பிக்கு அடியில் வழுக்கி முன்னால் வரும். இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால் இன்னும் மோசம். அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும், பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஷூவில் வைத்த அட்டையால் தொடை நீளாது. இதைத் தடுக்கும் ஊழியரைத்தான் வரிசை முழுக்கக் கேட்கும்படி திட்டுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. கழுத்து, முதுகு, இதயம், ரத்த அழுத்தம் என்று ஏதாவது தொந்தரவு இருந்தால் மேலே சொன்ன கடைசி வரிசை யோசனை உங்களுக்கானது இல்லை. நுழைவாயில் பலகையில் உங்கள் தொந்தரவு எழுதியிருந்தால் அந்த ரைடே வேண்டாம். அப்படி எதுவும் இல்லை, அதிர்வுதான் பிடிக்கவில்லை என்றால் ரயிலின் நடுப்பகுதியில், சக்கரத்துக்கு நேர் மேலே வராத வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். பிளாட்பாரத்தில் நின்று பெட்டிக்கு அடியில் பார்த்தாலே சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.