பனியன் கம்பெனி வேலைமுறையை பி.பி.எம்.என். குறியீட்டில் வரைந்து கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அப்பாவின் பனியன் கம்பெனிக்கு ஈ.ஆர்.பி. (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர்) போடப்போகிறோம், சாஃப்ட்வேர்காரர் "பி.பி.எம்.என். படம் கொடுங்க" என்கிறார், நெட்டில் தேடினால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் சுற்றியதுங்க. ஒரு வேலை யாரிடமிருந்து யாருக்கு, எந்த வரிசையில் போகிறது என்று படமாகக் காட்டும் பொதுக் குறியீடுதான் பி.பி.எம்.என். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவன் நான். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் வருமே" என்று இந்த வேலையில் இழுத்துவிட்டார்கள்.

முதலில், நூல் வாங்குவதிலிருந்து கன்டெய்னர் ஏற்றுவது வரை ஒரே தாளில் வரையாதீர்கள். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்ந்தால் மாரியம்மன் நோம்பிக் கூட்டம் மாதிரி ஆகிவிடும், யார் எங்கே போகிறார் என்றே தெரியாது. ஒரு துண்டை எடுங்கள். நான் எடுத்தது கிரே துணி (நிட்டிங் முடிந்து இன்னும் சாயம் ஏறாத துணி) சாயத்துக்குப் போய்த் திரும்பி வரும் துண்டு. அடிவாங்கியதும் அதில்தான்.

குறிகளைப் பழகிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். வட்டம் என்றால் ஏதோ ஒன்று நடந்தது. மெல்லிய ஒற்றைக் கோடு தொடக்கம், இரட்டைக் கோடு நடுவழி, தடித்த கோடு முடிவு. மூலை மழுங்கிய செவ்வகம் என்றால் யாரோ செய்யும் வேலை. உள்ளே "சலான்" என்று மட்டும் எழுதாமல் "சலான் போடு" என்று வினையோடு எழுதுங்கள். சாய்சதுரம் பாதை பிரிகிற அல்லது சேருகிற இடம். இவற்றைக் கோர்ப்பது அம்பு. ஒரு கம்பெனிப் படத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

சாய்சதுரத்தில் மட்டும் எல்லோரும் தவறுகிறார்கள். அது எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானம் அதற்கு முந்தைய செவ்வகத்தில் நடந்துவிட வேண்டும். "ஷேடு ஒத்ததா?" என்று சாய்சதுரம் போட்டால், அதற்கு முன்னால் "லைட் பாக்ஸில் ஷேடு பார்" என்று ஒரு வேலை இருந்தே ஆக வேண்டும். ஷேடு என்றால் சாயத்தின் நிறம், லைட் பாக்ஸ் என்றால் குறிப்பிட்ட விளக்கொளியில் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் பெட்டி. டியூப் லைட்டில் ஒத்த நிறம் சில சமயம் வெயிலில் ஒத்துப்போகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். யார், எந்த வெளிச்சத்தில் பார்த்தார் என்ற சண்டை வருவதே அந்தச் செவ்வகம் இல்லாத இடத்தில்தான்.

அடுத்து பூல், லேன். நீச்சல் குளம், அதில் தடம் என்று ஆங்கிலத்தில் வைத்த பெயர். எனக்குத் தோட்டம், பாத்தி என்று யோசித்தபோதுதான் விளங்கியது. கம்பெனி ஒரு தோட்டம். ஸ்டோர், துணி செக்கிங், கட்டிங் எல்லாம் அதற்குள் பாத்திகள். நம் தோட்டத்துக்குள் வாய்க்காலை எந்தப் பாத்திக்கு வேண்டுமானாலும் திருப்பலாம், அது தொடர்கோட்டு அம்பு. பக்கத்துத் தோட்டத்துக்கு நாம் மடை மாற்றிவிட முடியுமா? வேலியோரம் நின்று கூப்பிடலாம், அவ்வளவுதான். அது சிறு சிறு கோடாக விட்டுவிட்டுப் போகும் செய்தி அம்பு. தொடர்கோடு பூலைத் தாண்டக் கூடாது, செய்திக் கோடு ஒரே பூலுக்குள் ஓடக் கூடாது.

நான் சாயப்பட்டறையை நம் கம்பெனிக்குள் ஒரு லேனாகப் போட்டுவிட்டேன். படத்தைப் பிரிண்ட் எடுத்து, பெருமையாகத் துணி இன்சார்ஜ் அண்ணனிடம் நீட்டினேன். இருபது வருசமாக அதே வேலையில் இருப்பவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏந் தம்பி, பட்டறைக்காரரு நாம சொன்ன அன்னிக்கே மெசின்ல ஏத்தீருவாராக்கு?" என்றார். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்துதர வெளியே கொடுத்த துணி அவர் வரிசைக்குத்தான் கட்டுப்படும், நம் அம்புக்கு இல்லை. அவருக்குத் தனி பூல் போட வேண்டும், உள்ளே காலியாகவே விடலாம். பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்று வரைவது நம் வேலை இல்லை. சலான் போகிறது, துணி வருகிறது, அந்த இரண்டு செய்திக் கோடு போதும்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று கேட்டார். "ரீடையிங் போற துணிய எங்க தம்பி காணோம்?" ரீடையிங் என்றால் ஷேடு ஒத்துவராத துணி மறுபடி சாயத்துக்குப் போவது. ஷேடு ஒத்தால் கட்டிங் என்று ஒரு அம்பு போட்டிருந்தேன். ஒத்துவராவிட்டால் என்ன என்பதற்கு அம்பே இல்லை. மாதம் முழுக்க நான் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்ததே அந்தத் துணிக்காகத்தான், அதையே வரைய மறந்திருக்கிறேன்!

காத்திருப்பையும் வரையுங்கள். "துணி வருவதற்குக் காத்திரு" என்ற வேலையின் ஓரத்தில் கடிகாரம் உள்ள ஒரு வட்டத்தை ஒட்டி, ஐந்து நாள் என்று எழுதி, "பட்டறைக்குப் போன் போடு" என்று அம்பு விடலாம். அந்த வட்டத்தின் கோடு விட்டுவிட்டு இருந்தால் போன் போட்ட பிறகும் காத்திருப்பு தொடரும். முழுக்கோடாக இருந்தால் காத்திருப்பு அங்கேயே ரத்து. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சாஃப்ட்வேர் அதை அப்படியே நம்பிவிடும்.

சாய்சதுரத்துக்குள் இருக்கும் குறிக்கும் இதே கதை. பெருக்கல் குறி என்றால் ஏதோ ஒரு பாதை மட்டும். கூட்டல் குறி என்றால் எல்லாப் பாதையும் ஒரே சமயத்தில்: துணி கட்டிங்குக்குப் போகும்போதே லேபிள், பட்டன், பாலிபேக் ஏற்பாடும் நடக்கும். படத்தில் ஒரு டோக்கன் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பண்டிலோடு போகிற சீட்டு மாதிரி. கூட்டல் குறியில் அது பல டோக்கனாகப் பிரியும், சேரும் கூட்டல் குறியில் எல்லாம் வந்து சேர்ந்தால்தான் மேலே நகரும். நான் பிரிண்டிங் உள்ள ஸ்டைல், இல்லாத ஸ்டைல் என்று பெருக்கல் குறியில் பிரித்துவிட்டு, கூட்டல் குறியில் சேர்த்துவைத்தேன். ஓட்டிப் பார்த்தபோது ஆர்டர் அங்கேயே நின்றுவிட்டது. புறப்படவே புறப்படாத மாமனுக்காகப் பந்தியை நிறுத்திவைத்த கதை. பெருக்கலில் பிரித்ததைப் பெருக்கலிலும், கூட்டலில் பிரித்ததைக் கூட்டலிலும் சேருங்கள்.

யார் செய்த குறியீடு என்றால், 2004-இல் பி.பி.எம்.ஐ. என்ற அமைப்பு முதல் பதிப்பை வெளியிட்டது. பிறகு அது ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்போடு இணைந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் 2.0 பதிப்பு வந்தது 2011 ஜனவரியில். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட அதே மாதம். அன்றைக்கு இங்கே யாரும் படம் வரையும் மனநிலையில் இல்லை. 2013-இல் ஐ.எஸ்.ஓ. 19510 என்று சர்வதேசத் தரமாகவும் ஆனது. குறிகள் இன்னும் ஏராளம் உண்டு, இப்போதைக்குத் தொடாதீர்கள்.

முதலில் பென்சிலில் போடுங்கள், ஒரு கை பார்த்த பிறகு கம்ப்யூட்டர். பி.பி.எம்.என்.ஐ.ஓ. (bpmn.io) தளத்தில் பிரவுசரிலேயே இலவசமாக வரையலாம், காமுண்டா மாடலரும் காசில்லாமல் கிடைக்கிறது. வரைந்ததை பி.பி.எம்.என். கோப்பாகவே சேமித்துக் கொடுங்கள். வெறும் போட்டோவாகக் கொடுத்தால் சாஃப்ட்வேர்காரர் முதலிலிருந்து வரைவார், அதற்கும் சேர்த்து பில் போடுவார்.