பழைய செவ்ரோலே கே10க்கு நீடிச்சு உழைக்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எது?

கொலராடோல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். 1985 செவ்ரோலே கே10 ஃபோர் வீல் டிரைவ் பிக்கப், 350 கன இன்ச் இன்ஜின், ஆக்ஸில் கியர் விகிதம் 3.73, டயர் 31 இன்ச், மலைப் பக்கம் அடிக்கடி ட்ரெய்லர் இழுத்துட்டுப் போவாராம். போன வருஷம் கார்புரேட்டர் மாத்தியிருக்கார், இப்ப மூணாவது கியர் வழுக்குது, டிப்ஸ்டிக்கை எடுத்தா ஆயில் கருகின வாடை, வண்டில இருக்கிற 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போறது இது ரெண்டாவது தடவை, இனிமே எதைப் போடட்டும்னு கேக்குறார்.

சார், புதுப் பெட்டி தேடறதுக்கு முன்னாடி பழசு ஏன் போச்சுன்னு தெரிஞ்சாகணும், நீங்க சொல்றத வச்சுப் பாத்தா எனக்கு சந்தேகம் கார்புரேட்டர்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற டிவி கேபிள், அதாவது த்ராட்டில் வால்வ் கேபிள் மேலதான். 700ஆர்4ல உள்ள ஆயில் பிரஷரையே அந்த கேபிள்தான் ஏத்தி இறக்குது. வேற கார்புரேட்டர் போட்டா லீவரோட வளைவு மாறிடும், நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிற அளவுக்கு கேபிள் இழுபடாது, பிரஷர் குறைவாவே இருக்கும், லோடு ஏறும்போது மூணாவது, நாலாவது கியரைப் பிடிக்கிற கிளட்ச் தட்டுங்க வழுக்கி வழுக்கி எரிஞ்சு போகும். இதைச் சரி பண்ணாம இன்னொரு 700ஆர்4 வாங்கிப் போட்டா அதுவும் அதே வழியிலதான் போகும்.

டர்போ 400 முரட்டுப் பெட்டி, அதுல சந்தேகமே வேணாம். 1964லயே வந்தது, டிவி கேபிள் கிடையாது, இன்ஜின் வேக்கத்தை வச்சு பிரஷரை மாத்துற வேக்கம் மாடுலேட்டர் ஒண்ணும், முழுசா மிதிச்சா கியர் இறங்கற கிக்டவுனுக்கு ஒரு வயரும் இருந்தா போதும். உங்க வண்டியோட ராணுவ அண்ணன் எம்1008ல அமெரிக்க ராணுவம் போட்டதும் இதைத்தான். ஆனா மூணே கியர், ஹைவேல இன்ஜின் சுத்தறதைக் குறைக்கிற ஓவர்டிரைவ் கியர் இல்ல. உங்க ஆக்ஸிலுக்கும் டயருக்கும் 65 மைல் வேகத்துல இன்ஜின் சுமார் 2,600 ஆர்பிஎம்ல கத்திட்டே போகும், 700ஆர்4ல அதே வேகத்துக்கு 1,850 கிட்டதான். இன்னொண்ணு, 700ஆர்4ல முதல் கியர் விகிதம் 3.06, இதுல 2.48, அதனால பாறை மேல மெதுவா ஏறும்போது அந்த இழுவை குறையறது தெரியும். காட்டுக்குள்ள மட்டும் ஓட்டுற வண்டின்னா யோசிக்காம இதையே போடுங்கன்னு சொல்லிருப்பேன்.

ஹைவேயும் வேணும் ட்ரெய்லரும் வேணும்னா என் ஓட்டு 4எல்80இ கியர்பாக்ஸுக்குத்தான். 1991ல வந்த இது டர்போ 400ஓட வம்சம்தான், மேல 0.75 ஓவர்டிரைவ் சேத்திருக்காங்க, அதே 65ல ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் கீழ வந்துடும். முதல் கியர் இதுலயும் 2.48தான், ஆனா உங்க ஃபோர் வீல் டிரைவ்ல இழுவையைக் கூட்டற லோ ரேஞ்ச் இருக்கறதால சமாளிச்சுக்கலாம். 1997க்கு அப்புறம் வந்ததா பாத்து எடுங்க, கூலர்ல இருந்து திரும்பி வர்ற ஆயில் பின்பக்கமா உள்ள நுழையும், லூப்ரிகேஷன் இன்னும் நல்லா இருக்கும். செலவு எங்க வரும்னா, இது எலக்ட்ரானிக் பெட்டி, கார்புரேட்டர் வண்டிக்கு தனி கன்ட்ரோலரும் த்ராட்டில் சென்சாரும் வாங்கணும். எடையும் 30 கிலோவுக்கு மேல கூடும்.

பெட்டி விலையை மட்டும் பாத்து முடிவு பண்றவங்கதான் பாதி வழியில மாட்டிக்குவாங்க. கியர்பாக்ஸ் சக்தியை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற உங்க என்பி208 டிரான்ஸ்ஃபர் கேஸோட இன்புட் 27 ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் பல்), டர்போ 400க்கும் 4எல்80இக்கும் 32 வேணும். எம்1008ல இருந்தோ டர்போ 400 போட்டு வந்த பழைய கே20 பிக்கப்ல இருந்தோ கழட்டின என்பி208 கிடைச்சா அது 32தான், ஃப்ரன்ட் ஆக்ஸிலுக்குப் போற பக்கமும் ஒத்துப் போகும். 88க்கு அப்புறம் வந்த பிக்கப்ல இருந்து எடுத்துடாதீங்க, அதுல ஃப்ரன்ட் ஷாஃப்ட் டிரைவர் பக்கம் இறங்கும், உங்க வண்டில எதிர்ப்பக்கம். புதுப் பெட்டி நீளத்தால டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி தள்ளிப் போச்சுன்னா பின் ஷாஃப்டை வெட்டணும், முன் ஷாஃப்டை நீட்டணும், பெட்டியைத் தாங்கற கிராஸ்மெம்பரையும் நகத்தணும், இதெல்லாம் சேத்து எஸ்டிமேட் கேளுங்க. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற ஃப்ளெக்ஸ்பிளேட் தகடு வாங்கும்போது 85 இன்ஜின்னு சொல்லி வாங்குங்க, 86ல இருந்து இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் மாறினதால அந்த ஃப்ளெக்ஸ்பிளேட் வேற.

பட்ஜெட் இடிக்குதுன்னா 1987க்கு அப்புறம் வந்த 700ஆர்4 எடுத்து நல்ல ஆள்கிட்ட பில்ட் பண்ணுங்க, கார்புரேட்டருக்குச் சரியான டிவி பிராக்கெட்டும் போடுங்க, ஃபுல் த்ராட்டில்ல கேபிள் முழுசா இழுபடுதான்னு கண்ணால பாத்துட்டு வண்டியை எடுங்க.

எதைப் போட்டாலும் பழைய ஆயில் கூலரை அப்படியே விட்டுடாதீங்க, எரிஞ்ச கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் அதுக்குள்ள உக்காந்திருக்கும், புதுப் பெட்டிக்குள்ள முதல் நாளே வந்து சேரும். ரேடியேட்டருக்கு அப்புறம் ஒரு தனி கூலர், கூடவே டெம்பரேச்சர் கேஜ், மலை ஏறும்போது 200 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ வச்சுக்கப் பாருங்க. மெக்கானிக் பெட்டியை ஏத்தும்போது பக்கத்துல நில்லுங்க, பெட்டியோட முன்பக்கக் கூடான பெல்ஹவுசிங் இன்ஜினோட ஒட்டினதும், அதுக்குள்ள இருக்கிற டார்க் கன்வெர்ட்டரை கையால சுத்திப் பாத்தா லேசா சுத்தணும், அதுக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவுல மூணு நாலு மில்லிமீட்டர் இடைவெளி தெரியணும். இடைவெளியே இல்லாம போல்ட்டைப் போட்டு இறுக்க ஆரம்பிச்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க, கன்வெர்ட்டர் பெட்டியோட ஆயில் பம்ப்ல முழுசா உக்காரலைன்னு அர்த்தம், இறுக்கினா பம்ப் உடையும்.