மலையாளப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து

மருந்துப் பரிசோதனையில் சேர்க்க, மலையாளப் படிவத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்குப் புரிந்த பிறகு மறுபடி கையெழுத்து போடட்டும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வாசிக்கத் தெரியாத மலையாளத்தில், யாரும் விளக்காமல் வாங்கிய கையெழுத்து முறையான ஒப்புதல் ஆகாது. மருந்துப் பரிசோதனைக்கான 2019 விதிகள் நோயாளிக்குப் புரியும் மொழியைத்தான் கேட்கின்றன.

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் நாமெல்லாம் மலையாளம் சரளமாகப் பேசுவோம், எழுத்துதான் தெரியாது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அம்மா பேசியதைக் கேட்டு, வாசிக்கவும் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். (என் சித்திக்கும் இதே கதைதான்.)

படிவத்தின் நகல் கையில் இருக்கிறதா? அதில் நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேரும் நோயாளிகளின் உரிமையையும் பாதுகாப்பையும் கவனிக்கும் குழு) தொடர்பு எண்ணைத் தேடுங்கள். சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் இருந்தால் இணையத்தில் போட்டுப் பாருங்கள். என்ன ஆய்வு என்று தெரிந்துவிடும்.

கோபத்தில் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆய்வு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.