எலினோர் ரூஸ்வெல்ட் கணவரின் மறைவுக்குப் பிறகு என்ன சாதித்தார்?

எலினோரின் கணவர், அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த அதிபர் ட்ரூமன் எலினோரை ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதுக்குழுவில் சேர்த்தார். லண்டனில் நடந்த முதல் கூட்டத்தொடரில் சக பிரதிநிதிகள் அவரைச் சமூக, மனிதாபிமான விவகாரங்களைக் கவனிக்கும் மூன்றாம் குழுவுக்கு ஒதுக்கினார்கள். அங்கே வம்பு வராது என்பது அவர்கள் கணக்கு. அகதிகளை விருப்பமின்றித் திருப்பி அனுப்பலாமா என்ற சர்ச்சை அங்கேதான் வெடித்தது. சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கிக்கு நேருக்கு நேர் பதிலடி கொடுத்தவர் எலினோர்.

அடுத்து ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் தலைவர். மனித உரிமைகளை எந்த வடிவில் எழுதுவது என்பது அங்கே கேள்வி. உடன்படிக்கை என்றால் ஒவ்வொரு நாடும் ஒப்புதல் தரவேண்டும். அமெரிக்க செனட்டிலேயே சிக்கியிருக்கும். அதனால் முதலில் பிரகடனம் என்ற வழி சரியானது. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபையில் உலக மனித உரிமைப் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சோவியத் அணி, சவுதி அரேபியா, தென்னாப்பிரிக்கா என 8 நாடுகள் நடுநிலை வகித்தன.

தேர்தலில் அவர் நின்றதே இல்லை. ஆனால் நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிப்படைத்த டாமனி ஹால் கும்பலை எதிர்த்து எழுபது வயதைத் தாண்டியும் களத்தில் இறங்கினார்.