ஆட்-ஆன் விமானம் நிஜ விமானத்துக்கு எவ்வளவு பக்கம்?

கேள்வி: இராமநாதபுரத்தில் வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். மதுரையில் செஸ்னா 172-ஐக் கிளப்பி, பாம்பன் பாலம் வரை வந்து திரும்புவது வழக்கம். காசு கொடுத்து ஆட்-ஆன் (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமான மென்பொருள்) வாங்கினால் நிஜ விமானம் போலவே இருக்குமா? பின்னால் பைலட் பயிற்சிக்குப் போனால் உதவுமா?

பதில்:

விலையைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். உங்கள் கையில் இருப்பது என்ன, நிஜ விமானத்தில் அதே இடத்தில் இருப்பது என்ன என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால், 180 பேர் ஏறும் ஏர்பஸ் ஏ320 வீட்டு மேசையில் நிஜத்துக்கு நெருங்கி வரும். நாலு பேர் உட்காரும் செஸ்னாதான் விலகி நிற்கும்.

செஸ்னாவின் யோக்கும் (பைலட் பிடிக்கும் கைப்பிடி) வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் பலகையும் கேபிளால் இணைந்தவை. காற்று எலிவேட்டரை அழுத்துவது நேராக உங்கள் உள்ளங்கையில் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். 60 நாட் (மணிக்கு 60 நாட்டிகல் மைல்) வேகத்தில் தளர்ந்து கிடக்கும் யோக் 120 நாட் வேகத்தில் இறுகிவிடும். ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதில் முதலில் கெடுவது ட்ரிம் பழக்கம். யோக்கைப் பிடித்திருக்கும் கையின் பாரத்தை நீக்கும் சக்கரம்தான் ட்ரிம். நிஜத்தில் மூக்கை வேண்டிய இடத்தில் பிடித்து, பவரை வைத்து, வேகம் நிலைத்ததும் கையில் உள்ள பாரம் கரையும்வரை ட்ரிம் சக்கரத்தை உருட்டுவார்கள். யோக் இருந்த இடத்திலேயே இருக்கும், பாரம் மட்டும் போய்விடும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்கிலோ, ட்ரிம்மை உருட்ட உருட்டக் கையை நடுவுக்குத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் மூக்கு எகிறும். இப்படியே பழகியவர் நிஜத்தில் ட்ரிம் சக்கரத்தை வைத்தே விமானத்தை ஏற்றி இறக்கப் பார்ப்பார். எவ்வளவு விலை கொடுத்து ஆட்-ஆன் வாங்கினாலும் இது சரியாகாது. காற்றின் அழுத்தத்தை மோட்டாரால் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் யோக் ஒன்றுதான் வழி.

ஏ320-ல் பைலட்டின் பக்கவாட்டில் இருக்கும் நிஜ சைட்ஸ்டிக்கே ஸ்பிரிங்தான். அதை அசைத்தால் கணினிக்குக் கட்டளை போகும், காற்றின் அழுத்தம் கைக்குத் திரும்பி வராது. இன்ஜின் பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட் ஓடும்போது த்ரஸ்ட் லீவர்களும் நகராமல் க்ளைம்ப் குழியிலேயே நிற்கும். அதனால் ஃபெனிக்ஸ் ஏ320 ஆட்-ஆனிலோ, இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைபைவயர் ஏ320-லோ கை செய்யும் வேலை கிட்டத்தட்ட நிஜமேதான். சோதித்துப் பாருங்கள்: 20 டிகிரி சாய்த்து ஸ்டிக்கை விட்டால் சாய்வு அப்படியே நிற்க வேண்டும், 45-ல் விட்டால் தானாக 33-க்குத் திரும்ப வேண்டும்.

போயிங் 737-ல் ஒரு சிக்கல் உண்டு. நிஜ விமானத்தில் ஆட்டோத்ராட்டில் (தானியங்கி பவர் கட்டுப்பாடு) லீவர்களை மோட்டாரால் நகர்த்தும், உங்கள் மேசை லீவர் நகராது. இறங்கும்போது ஆட்டோத்ராட்டிலை அணைத்த நொடியில் பவர் தாவுவது இதனால்தான். அணைப்பதற்கு முன்பே திரையில் உள்ள லீவரின் நிலைக்கு உங்கள் லீவரைக் கொண்டுவந்து வையுங்கள்.

இனி உங்கள் மதுரை–பாம்பன் பயணம். நேர்கோட்டில் சுமார் 75 நாட்டிகல் மைல், திசை ஏறக்குறைய 117 டிகிரி. அப்போதைய நிஜ வானிலையைக் காட்டும் லைவ் வெதரை அணைத்துவிட்டுக் கச்சான் காற்றை (தென்மேற்குக் காற்று) நீங்களே வையுங்கள்: 225 டிகிரியிலிருந்து 20 நாட். 110 நாட்டில் போகும் விமானம் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் தள்ளப்படும். மூக்கை வலப்புறம் சுமார் 10 டிகிரி திருப்பி வைத்தால்தான் கோட்டில் நிற்கும். இந்தக் கணக்கு நிஜத்திலும் சிமுலேட்டரிலும் ஒன்றே. வழி கண்டுபிடிப்பது, எரிபொருள் கணக்கு, ரேடியோ, செக்லிஸ்ட் இவற்றில் வீட்டுப் பயிற்சி வீண் போகாது. திரும்பி வந்து மதுரையின் 27-ஆம் ஓடுபாதையில் (மேற்கு நோக்கியது) இறங்கும்போது இடப்பக்கக் குறுக்குக் காற்று சுமார் 14 நாட் இருக்கும். செஸ்னா 172எஸ் மாடலின் கையேடு சோதித்துக் காட்டியதாகச் சொல்வது 15 நாட். நல்ல பயிற்சி அது. கச்சான் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) நுரைத்துக் கிடக்கும், வடகடல் அடங்கியிருக்கும். திரையில் பாம்பனுக்கு இரு பக்கமும் ஒரே அலை தெரிந்தால், அதை வைத்துக் காற்றைப் படிக்கப் பழகாதீர்கள்.

செஸ்னா ஆட்-ஆன் வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். 100 நாட்டில் ட்ரிம் செய்து, மூக்கைத் தூக்கி 90-க்குக் கொண்டுவந்து கையை விடுங்கள். விமானம் மெதுவாக இறங்கி ஏறி அலைந்து, அலைச்சல் குறைந்து, 100-க்குத் திரும்ப வேண்டும். ஒரு அலைக்கு 20 முதல் 30 விநாடி பிடிக்கும். இரண்டே விநாடியில் கம்பி போல நேராகிவிட்டால் அது பொம்மை. அடுத்தது, 6,000 அடியில் இன்ஜினை நிறுத்தி 68 நாட்டில் மிதக்க விடுங்கள். காற்றில்லாத நாளில் சுமார் 9 நாட்டிகல் மைல் போக வேண்டும். மூன்றாவது வெயில். கடல்மட்டத்தில் 38 டிகிரி இருந்தால் விமானத்துக்கு அது 2,700 அடி உயரத்துக் காற்று. முழு எடையான 2,550 பவுண்டில், கடல்மட்டத்தில் வழக்கமான நாளில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் விமானம் 40 டிகிரியில் 650-ஐ ஒட்டித்தான் ஏறும். எடையை நிரப்பாமல் சோதித்தால் இந்தக் கணக்கு வராது.

சூடான இன்ஜினைத் திரும்பக் கிளப்புவதில்தான் பல ஆட்-ஆன்கள் ஏமாற்றும். நம் ஊர் வெயிலில் நிறுத்தி 20 நிமிடம் ஆன 172எஸ்-ல், இன்ஜினுக்கு மேல் ஓடும் மெல்லிய குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிப்போகும். சாவியைத் திருப்பியதும் கிளம்பாமல் அடம்பிடிக்கும். சிமுலேட்டரில் ஒரே திருப்பில் கிளம்பினால் அது சலுகை. இன்ஜினை மதித்து ஓட்டப் பழக வேண்டுமென்றால் ஏ2ஏ நிறுவனத்தின் கமாஞ்சி 250-ஐத் தயங்காமல் சொல்வேன். மிக்சரை (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு) கவனிக்காமல் ஓட்டினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், அந்தக் கரி அடுத்த பயணத்திலும் இருக்கும்.

ஒற்றைத் திரையில் இறங்கும்போது ஓரக்கண் பார்வை கிடையாது. அதனால் தரை எவ்வளவு நெருங்கியது என்று தெரியாமல் தவறான நேரத்தில் மூக்கைத் தூக்கிவிடுவோம். ஓடுபாதை தொடங்கும் இடத்தைத் தாண்டியதும் பார்வையை மறுமுனைக்கு நகர்த்துங்கள்.

வீட்டில் ஓட்டிய நேரம் லைசென்ஸுக்கான மணிக்கணக்கில் சேராது. பயிற்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்றே ஆட்டோ-ரடர் உதவியை (வால் சுக்கானான ரடரைத் தானாக இயக்குவது) அணைத்துவிட்டு, காலால் இயக்கும் ரடர் பெடல் வாங்குங்கள். ஏறும்போது வலது காலை அழுத்தி, விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் மீட்டரின் பந்தை நடுவில் வைப்பது இப்போதே காலுக்கு வரட்டும். ஜாய்ஸ்டிக் டெட்சோனை (நடுவில் அசைத்தாலும் பலன் தராத இடைவெளி) 3 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர்களை ஒரு துணியால் மூடிவிட்டு, தொடுவானத்தை மட்டும் பார்த்து ஓட்டுங்கள்.